'நடத்தை: நன்று' மட்டும் போதாது பாஸ்!

அதிகாலை நாலரை மணி. உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட். டீக்கடை பாய்லரைத் தவிர ஊரே தூங்குது. பொள்ளாச்சி வழியா கோவை போகும் பஸ்ஸில் ஒரு அப்பாவும் மகளும் ஏறுகிறார்கள். மகள் மடியில் ஒரு லேப்டாப் பை. அது அவளுடையது இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் பெரியப்பா பையன் ரெண்டு நாளைக்கு இரவல் கொடுத்தது. பைக்குள் சார்ஜர், பாஸ்போர்ட், அம்மா கட்டிக் கொடுத்த தக்காளி சாதம்.

இவ்வளவு காலையில் எங்கே போறாங்கன்னு கேக்கறீங்களா? பரீட்சை எழுதத்தான். பரீட்சையின் பெயர் 'சாட்'. அமெரிக்கக் கல்லூரிகளில் இளங்கலை சேர எழுதுவது. நடந்தது 2023 அக்டோபரில். பொண்ணு அப்போ பிளஸ் டூ. அப்பாவுக்கு ரெண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு. வீட்டில் இதுவரை யாரும் சென்னையைத் தாண்டிப் படித்ததில்லை.

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன், ஃப்ரெண்ட்ஸ். இன்றைக்கு அவளும் உங்களை மாதிரி ஒரு காலேஜ் ஸ்டூடண்ட். ஆனால் அவள் கதையைச் சொல்லியே ஆகணும். ஏன்னா, 'அமெரிக்காவுக்கு அப்ளை பண்ணணும், என்ன பரீட்சை எழுதணும்?' என்று கேட்கும் யாரும் கேட்காமல் விடுகிற ஒரு கேள்வி அந்தக் கதைக்குள் இருக்கு.

பரீட்சை ஒண்ணும் பூதம் இல்லை

முதல்ல பயத்தைப் போக்கிக்குவோம். 1926-ல் தொடங்கிய சாட் பரீட்சை, 2023 மார்ச் முதல் இந்தியா உட்பட வெளிநாடுகளில் முழுக்க கம்ப்யூட்டருக்கு மாறிடுச்சு. ரெண்டு மணி 14 நிமிஷம். ஆங்கிலத்தில் 54 கேள்வி, கணக்கில் 44 கேள்வி. மொத்தம் 1600 மார்க். தப்பான பதிலுக்கு மைனஸ் கிடையாது. முதல் பாதியை நீங்க எப்படி எழுதறீங்களோ, அதைப் பார்த்து ரெண்டாவது பாதி கடினமாகவோ சுலபமாகவோ வரும்.

கணக்கு முழுசுக்கும் கால்குலேட்டர் உண்டு. அதுவும் திரைக்குள்ளேயே! லாகரிதம் டேபிளைப் புரட்டியே வளர்ந்த நம்ம ஸ்டேட் போர்டு பசங்களுக்கு இது தீபாவளி போனஸ் மாதிரி. நம்ம பொண்ணுக்கும் கணக்குப் பகுதி அல்வாதான். ஆங்கிலம்தான் கொஞ்சம் இழுத்தது. ஒரு சின்னப் பத்தி, அதுக்கு ஒரே கேள்வி. பத்தியை மனப்பாடம் பண்ணி வாந்தி எடுக்க முடியாது. படிச்சுப் புரியணும். அவ்வளவுதான்.

கோச்சிங்? அவள் போகவே இல்லை. பரீட்சை நடத்தும் காலேஜ் போர்டின் 'புளூபுக்' செயலியிலேயே முழு மாதிரித் தேர்வுகள் இலவசம். கான் அகாடமியில் பாடம் இலவசம். செலவு, பரீட்சை ஃபீஸும் பஸ் சார்ஜும்தான்.

இந்தப் பரீட்சை எல்லா இடத்துக்கும் வேணுமா? 2020-ல் கொரோனா வந்ததும் நிறையக் கல்லூரிகள், 'மார்க் இருந்தா கொடு, இல்லாட்டி பரவாயில்லை' என்று விட்டுட்டாங்க. அப்புறம் ஒவ்வொண்ணாத் திரும்பி வந்தது. 2022-ல் எம்.ஐ.டி., 2024-ல் ஹார்வர்ட், யேல், டார்ட்மவுத், பிரௌன், கால்டெக் எல்லாம் மறுபடியும் மார்க் கேட்க ஆரம்பிச்சாங்க. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கைக்கு சாட் மார்க்கைப் பார்ப்பதையே விட்டுருச்சு. ஆக, கல்லூரிக்குக் கல்லூரி கதை வேற. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்னு முடிவு பண்ணாம, அந்தந்தக் கல்லூரி என்ன சொல்லுதுன்னு பாருங்க.

பூதம் இருக்கிற இடம் வேற!

பரீட்சை முடிஞ்சது. மார்க் 1400-ஐத் தாண்டியது. வீட்டில் கேசரி. அப்புறம்தான் வந்தது வம்பு.

அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவா ஒரு விண்ணப்பம் இருக்கு. 'காமன் ஆப்' என்று பெயர். 1975-ல் 15 கல்லூரிகள் சேர்ந்து ஆரம்பிச்சது; இன்னிக்கு ஆயிரத்துக்கும் மேல். அதில் மாணவர் நிரப்ப ஒரு பகுதி, பள்ளிக்கூடம் நிரப்ப ஒரு பகுதி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாலு வருஷ மார்க், பள்ளியைப் பற்றிய குறிப்பு, 'கவுன்சிலர்' எழுதும் கடிதம், பாட ஆசிரியர்கள் எழுதும் கடிதம். எல்லாமே பள்ளியிலிருந்து நேரா போகணும். மாணவர் கையில் கொடுக்கக் கூடாது.

'கவுன்சிலர்' என்றதும் நம்ம ஊரில் வார்டு கவுன்சிலர்தான் ஞாபகத்துக்கு வருவார்! அங்கே பள்ளிக்கூடத்தில் அதுக்குன்னே சம்பளம் வாங்கும் ஆள் உண்டு. 250 மாணவர்களுக்கு ஒருத்தர் வேணும்னு அவங்க சங்கம் சொல்லுது. அங்கேயே அது நிறைய இடத்தில் நடக்கிறதில்லை. சென்னையில், கோவையில் பெரிய ஃபீஸ் வாங்கும் பள்ளிகளில் அப்படி ஒருத்தரை வெச்சிருக்காங்க. நம்ம பொண்ணு படிச்ச பள்ளியில் ஹெட்மாஸ்டர்தான் கவுன்சிலர், ஹெட்மாஸ்டர்தான் பள்ளி, எல்லாமே ஹெட்மாஸ்டர்தான்.

அவர் நல்ல மனுஷன். உடனே எழுதிக் கொடுத்தார். எப்படி? 'இம்மாணவி இப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்று வருகிறார். எனக்குத் தெரிந்தவரை இவரது நடத்தை நன்று.' கீழே பச்சை மை கையெழுத்து. மேலே வட்ட முத்திரை.

சிரிக்காதீங்க. நம்ம ஊரில் சான்றிதழ்னா அதுதான். டி.சி.யில் அதுதான், ரயில்வே வேலைக்கு அதுதான், பேங்க் லோனுக்கும் அதுதான். ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதணும்னு அந்த ஹெட்மாஸ்டரை முப்பது வருஷத்தில் யாரும் கேட்டதே இல்லை. அவர் தப்பு என்ன?

அடுத்த சிக்கல் ஒன்பதாம் வகுப்பு மார்க். 2020-21 கொரோனா வருஷம். 2021 பிப்ரவரியில் ஒன்பது, பத்து, பதினொண்ணு மூணுக்கும் 'ஆல் பாஸ்' அறிவிச்சாங்க, ஞாபகம் இருக்கா? அப்போ நாம எல்லாரும் வெடி வெடிச்சோம். ரெண்டரை வருஷம் கழிச்சு, 'உன் ஒன்பதாம் வகுப்பு மார்க் எங்கே?' என்று கடல் தாண்டி ஒருத்தன் கேட்பான்னு யாருக்குத் தெரியும்? பதிவேட்டில் 'தேர்ச்சி' மட்டும்தான் இருந்தது.

மூணாவது சிக்கல், கடைசித் தேதி. நிறையக் கல்லூரிகளுக்கு ஜனவரி முதல் வாரம். நம்ம அரையாண்டு லீவோ டிசம்பர் கடைசியில் ஆரம்பிச்சு ஜனவரி பிறந்துதான் முடியும். பள்ளிக்கு ஒரே ஒரு ஈமெயில். அதோட பாஸ்வேர்டு கிளார்க்குக்குத்தான் தெரியும். கிளார்க் பழனிக்கு மாலை போட்டுட்டுப் போயிட்டார்!

கணக்கு சார் வந்தார்

அழுதுட்டு உட்கார்ந்திருந்த பொண்ணைப் பார்த்து அவங்க அம்மா சொன்னது ஒண்ணே ஒண்ணு: "கண்ணு, கணக்கு சாரு வீடு எலையமுத்தூர் ரோட்டுல தானே இருக்குது? நேர்ல போயி கேட்டுப்போடு. இல்லைன்னா சொல்லப் போறாரு?"

போனாள். சார் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுட்டு, "எத்தனை நாளா அம்மிணி இதை மனசுல வெச்சிருந்தே? ஆகஸ்ட்லயே சொல்லியிருக்கலாமல்லோ?" என்றார். அப்புறம் சட்டையை மாட்டிக்கிட்டு வண்டியை எடுத்தார். ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போய் அவரையும் கூட்டிக்கிட்டு, ஒரு பிரௌசிங் சென்டரில் மூணு மணி நேரம் உட்கார்ந்தார்கள். கிளார்க்குக்கு போன் போட்டு பாஸ்வேர்டு வாங்கினாங்க. ஒன்பதாம் வகுப்பு ஏன் காலி என்று நாலு வரியில் உண்மையை எழுதினாங்க. மறைக்காம நேராச் சொல்வதுதான் அங்கே வேணும்.

கணக்கு சார் கடிதத்தில் என்ன எழுதினார்? அந்தக் கடிதத்தை மாணவர் பார்க்காம இருப்பதுதான் வழக்கம். ரொம்ப நாள் கழிச்சுத்தான் சார் சொன்னார். லாக்டவுனில் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடும்போது, டி.வி. இல்லாத வீட்டுப் பிள்ளைங்க அஞ்சு பேரைத் திண்ணையில் உட்கார வெச்சு இவள் பின்னம் சொல்லிக் கொடுத்ததை எழுதியிருக்கார். தேங்காய் மூடியை உடைச்சுப் பாதி, கால், அரைக்கால்னு காட்டினாளாம். ஒருநாள் வண்டியில் போகும்போது இவர் நின்னு பார்த்திருக்கார். அவளுக்கே அது தெரியாது.

பாருங்க ஃப்ரெண்ட்ஸ், அவங்க கேட்டது இதைத்தான். 'நடத்தை நன்று' என்பது ஊர்ல எல்லாருக்கும் எழுதும் வரி. தேங்காய் மூடி அவளுக்கு மட்டுமே உரியது.

முடிவு என்னாச்சு?

2024 மார்ச். பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்குது. நடுவில் ஒவ்வொண்ணாப் பதில் வருது. அஞ்சு கல்லூரியில் மூணு 'இல்லை'. ஒண்ணு காத்திருப்புப் பட்டியல். ஒண்ணு 'வா' என்றது. ஆனால் உதவித்தொகை பாதிதான். மீதி வருஷத்துக்குச் சுமார் இருபது லட்சம். நாலு வருஷத்துக்குக் கணக்குப் போட்டுக்குங்க.

அப்பா தோப்புப் பத்திரத்தை எடுத்து மேசையில் வெச்சார். வெள்ளை ஈ வந்து காய்ப்பு பாதியான தோப்பு. பொண்ணு பத்திரத்தை மறுபடி பீரோவில் வெச்சுட்டுச் சொன்னது: "தோப்பை அடமானம் வெச்சுப்போட்டுப் போயி நான் அங்க நிம்மதியாப் படிக்க முடியுங்களாப்பா?"

இப்போ அவள் நம்ம பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம். தோல்வின்னு சொல்றீங்களா? அவளைக் கேட்டா, "அஞ்சு கல்லூரிக்குப் போட்டேன், அதுல நாலு தப்பான கல்லூரிங்க" என்கிறாள். அதோட அர்த்தத்தை நீங்களும் தெரிஞ்சுக்கணும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் 'நீட் பிளைண்ட்' என்று ஒரு வகை. நீட்னதும் அலறாதீங்க, நம்ம நீட் தேர்வு இல்லை! 'நீட்' என்றால் இங்கே தேவை. பணம் வேணும்னு நீங்க கேட்பதை, சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு எடுத்துக்க மாட்டாங்க. வெளிநாட்டு மாணவர்களுக்கும் இப்படி இருப்பவை விரல் விட்டு எண்ணும் அளவுதான்: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட், 2022-ல் சேர்ந்த டார்ட்மவுத், போடின், இன்னும் சில. மற்ற பெரும்பாலான இடங்களில், பணம் கேட்டாலே வாய்ப்பு கொஞ்சம் குறையும். இவளுடைய அஞ்சில் இந்த வகை ஒண்ணே ஒண்ணுதான். இணையத்தில் படம் பார்த்து மத்ததைத் தேர்ந்தெடுத்திருக்காள்.

முடியவே முடியாதா? முடியும். 2021-ல் ஈரோடு மாவட்டம் காசிபாளையத்தைச் சேர்ந்த ஒரு விவசாயி மகள் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகையோட இடம் வாங்கினது பேப்பரில் எல்லாம் வந்தது. அவரோட திறமைக்குப் பக்கபலமா, பதினாலு வயசிலிருந்தே வழிகாட்ட ஒரு அமைப்பு இருந்தது. திறமை நம்ம பக்கமும் இருக்கு. வழி சொல்ல ஆள்தான் சீக்கிரம் கிடைக்கணும்.

சரி, காலேஜில் இருக்கிற உங்களுக்கு?

'எனக்கு பிளஸ் டூ எப்பவோ முடிஞ்சிருச்சே' என்று பக்கத்தைத் திருப்பாதீங்க. கதை அப்படியே உங்களுக்கும் பொருந்தும். 'சாட்' இருக்கும் இடத்தில் 'ஜி.ஆர்.இ.' போட்டுக்குங்க, ஹெட்மாஸ்டர் இடத்தில் உங்க ஹெச்.ஓ.டி.யைப் போட்டுக்குங்க.

ஜி.ஆர்.இ. 2023 செப்டம்பரிலிருந்து ரெண்டு மணி நேரத்துக்கும் குறைவு. முன்னாடி கிட்டத்தட்ட நாலு மணி நேரம். ஃபீஸ் மட்டும் குறையலை, இருபதாயிரத்தைத் தாண்டும். அதனால் கட்டுறதுக்கு முன்னாடி உங்க துறை அதைக் கேட்குதான்னு பாருங்க. நிறையத் துறைகள் இப்போ கேட்பதில்லை. ஜி.ஆர்.இ. மார்க் அஞ்சு வருஷம் செல்லும். டோஃபல் ரெண்டே வருஷம்தான். ஃபர்ஸ்ட் இயரிலேயே டோஃபல் எழுதிட்டு ஃபைனல் இயரில் திருதிருன்னு முழிக்காதீங்க.

பி.எஸ்சி., பி.காம். மக்களே, ஒரு முக்கியமான மேட்டர். நம்ம டிகிரி மூணு வருஷம், அவங்களுது நாலு. சில பல்கலைக்கழகங்கள் மூணு வருஷத்தை ஏத்துக்கும், சில ஏத்துக்காது. உங்க கல்லூரிக்கு நாக் எந்த கிரேடு கொடுத்திருக்கு என்பதையும் சில மதிப்பீட்டு நிறுவனங்கள் பார்க்கும். இங்கேயே எம்.எஸ்சி. முடிச்சுட்டு நேரா பிஎச்.டி.க்குப் போடுவது இன்னொரு வழி. அறிவியல் பிஎச்.டி. என்றால் பெரும்பாலும் ஃபீஸைத் தள்ளுபடி பண்ணி, மாசச் செலவுக்கும் உதவித்தொகை கொடுப்பாங்க. நம்ம பொண்ணு இப்போ குறி வெச்சிருப்பது அதைத்தான். தோப்புப் பத்திரம் பீரோவிலேயே தூங்கலாம்!

முதுகலைக்குப் பெரும்பாலும் மூணு பேராசிரியர் கடிதம் வேணும். இங்கேதான் நம்மாளுங்க ஒரு தப்பு பண்றாங்க. 'நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்' என்று சார் சொன்னதும், சீனியர் கொடுத்த ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாத்திடறாங்க. ஒரே காலேஜிலிருந்து பத்துப் பேருக்கு ஒரே கடிதம் போனா அவங்களுக்குத் தெரியாதா என்ன?

அதுக்குப் பதிலா, மூணு மாசம் முன்னாடியே ஒரு தாளில் எழுதிக் கொண்டு போய்க் கொடுங்க: எந்தப் பேப்பர் அவர்கிட்ட படிச்சீங்க, என்ன புராஜெக்ட், எங்கே சொதப்பினீங்க, எப்படிச் சரி பண்ணினீங்க. "சார், இதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் வர்றதுக்காகத்தான் சார்" என்று பணிவாச் சொல்லுங்க. எழுதத் தெரியாதவர் யாரும் இல்லை. எழுத விஷயம் இல்லாமத்தான் முழிக்கிறாங்க.

பேரில் இருக்கு சூட்சுமம்!

நம்ம தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு தலைவலி, இனிஷியல். மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து. பாஸ்போர்ட்டில் அதை விரிச்சு அப்பா பெயர், குடும்பப் பெயர் கட்டத்தில். சிலருக்கு அந்தக் கட்டமே காலி. ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராப் போட்டு, முன்னால 'எஃப்.என்.யு.' என்று அச்சடிப்பாங்க. 'முதல் பெயர் தெரியாது' என்று அர்த்தம்! அப்புறம் அங்கே பேங்கிலும் காலேஜிலும் உங்க பெயரே அதுதான். எனவே முதல் வேலை பாஸ்போர்ட். ரெண்டாவது, பரீட்சைக்குப் பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒரு எழுத்து பிசகாமப் பதியுங்க.

காசு, கன்சல்டன்சி, கடைசியா ஒரு விஷயம்

வழிகாட்டுதலுக்கு லட்சம் கேட்கும் கன்சல்டன்சிகள் உண்டு. சிலர் உங்ககிட்டயும் வாங்கி, கல்லூரிகிட்டயும் கமிஷன் வாங்குவாங்க. இலவசமா ஓர் இடம் இருக்கு: 'எஜுகேஷன் யு.எஸ்.ஏ.'. 1950-லிருந்து இயங்கும் இந்திய-அமெரிக்கக் கல்வி நிறுவனம் மூலமா சென்னையிலும் ஆலோசனை கொடுக்கிறாங்க. ஃபோனில், ஆன்லைனிலும் கேட்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை இருக்கு. வேலை பார்த்து அனுபவம் சேர்த்தவங்களுக்கு ஃபுல்பிரைட்-நேரு இருக்கு.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. 2024-25-ல் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,63,019 பேர். அந்த நாடுகளின் பட்டியலில் நாமதான் முதலிடம். ஆனா அதே 2025 மே மாசக் கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புது தேதி கொடுப்பதைச் சில வாரங்கள் நிறுத்தினாங்க. ஜூனில் திறந்தப்போ, சமூக ஊடகப் பக்கங்களை எல்லாருக்கும் தெரியும்படி வைக்கச் சொன்னாங்க. ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி. திருப்பூரில் என்ன நடந்ததுன்னு உங்க வீட்டிலேயே யாராவது சொல்லியிருப்பாங்க. அமெரிக்க ஆர்டரை மட்டுமே நம்பியிருந்த யூனிட்தான் முதல்ல ஆடிப்போச்சு. ஐரோப்பாவுக்கும் அனுப்பிக்கிட்டிருந்தவர் மூச்சு விட்டார். நம்ம பனியன்காரங்க படிச்ச பாடம் நமக்கும்தான்: ஒரே நாடு, ஒரே கல்லூரி என்று முட்டைகளை ஒரே கூடையில் அடுக்காதீங்க.

அப்புறம் இதையும் கேளுங்க. பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 முதல் எடுத்துட்டாங்க. பசங்களுக்கு நிம்மதி. ஆனா வெளிநாட்டுக்கு அப்ளை பண்றவங்களுக்கு, பதினொண்ணாம் வகுப்புக்கு இனி பள்ளி கொடுக்கும் மார்க்கும் பள்ளி எழுதும் நாலு வரியும்தான் சாட்சி. உங்க தம்பி, தங்கச்சி யாராவது ஒன்பதாவது படிக்கிறாங்கன்னா, ரேங்க் கார்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாம எடுத்து வைக்கச் சொல்லுங்க.

நம்ம பொண்ணு இப்போ என்ன பண்றா தெரியுமா? ஞாயித்துக்கிழமை காலையில், தான் படிச்ச பள்ளியின் ரெண்டு ஜூனியர்ஸுக்கு விண்ணப்பம் நிரப்பக் கத்துக் கொடுக்கிறா. ஜனவரியில் இல்லை, ஜூனிலேயே ஆரம்பிச்சுட்டா. பள்ளி ஈமெயில் பாஸ்வேர்டு இப்போ மூணு பேருக்குத் தெரியும். கணக்கு சார் ஒரு நூறு பக்க நோட்டு போட்டிருக்கார். எந்தப் பிள்ளை என்ன பண்ணினாலும் அதில் ரெண்டு வரி. யாராவது கடிதம் கேட்டால் நோட்டைத் திறந்தாப் போதும்.

உங்களுக்குக் கடிதம் எழுதப் போகும் அந்த மூணு பேர் யாரு? யோசிச்சு, நாளைக்கே போய் ஒருத்தர்கிட்டப் பேசுங்க. லீவு விடறதுக்குள்ள!